சிட்னி பாலத்தின் முதுகில் பிள்ளைகளோடு: கொங்குப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 படிகள். சிட்னி துறைமுகப் பாலத்தின் உச்சிக்கு ஏறி இறங்க மொத்தம் சுமார் 1,330 படிகள் என்கிறார்கள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் நம் பிள்ளைகளால் முடியும் என்ற தைரியம் எனக்கு வந்தது. சென்னிமலையில் ஏறுவதற்கே அத்தனை படி. இறங்க இன்னொரு 1,320. அந்தக் கணக்கில் பாலம் பாதி வேலைதான்.

ஆனால் கால் பலம் அங்கே பெரிய விஷயமே இல்லை என்பது போய் வந்த பிறகுதான் புரிந்தது. வழிகாட்டி ஒருவரின் பின்னால் குழுவாக, இடுப்புப் பட்டையை இரும்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் வரிசை கலையாமல், பாத்ரூம் கேட்காமல், முன்னால் போகிறவரை முந்தாமல், கையில் ஒரு பொருளும் இல்லாமல் நடக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கஷ்டம் அதுதான். உயரமெல்லாம் அப்புறம். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளே இருக்கும்.

எங்களுக்குப் பெருந்துறைப் பக்கம். தம்பி குடும்பம் சிட்னியில் வெஸ்ட்மீடில் இருக்கிறது. போன மே மாத லீவில் நானும் வீட்டுக்காரரும், பதினொரு வயது மகள், எட்டரை வயது மகன், கூடவே என் அம்மா என்று ஐந்து பேர் போனோம். தம்பி மகளுக்கு ஆறு வயது. பாலத்தில் ஏறியது நாங்கள் நான்கு பேர் மட்டும்.

யாரை ஏற்றுவார்கள்

குறைந்தது எட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், உயரம் 1.2 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் உண்டு. பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் ஏற வேண்டும். முன்பதிவுக்கு முன் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். 1.19 இருந்தால் "ரெண்டு மாசத்துல வளந்துருவான்" என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நம் ஊரில் பஸ்ஸிலும் ரயிலிலும் டிக்கெட்டுக்காகப் பிள்ளைகளின் வயதைக் குறைத்துச் சொல்லிப் பழகியவர்கள் நாம். இங்கே ஒரு வயது கூட்டிச் சொல்லலாமா என்று தோன்றும். வேண்டாம். இடுப்புப் பட்டையும் பிடிகம்பியும் அந்த உயரத்தை மனதில் வைத்துச் செய்தவை. கம்பி தோளுக்கு மேலே இருக்கும் பிள்ளைக்கு மூன்று மணி நேரமும் தொல்லைதான்.

வயதும் உயரமும் சரியாக இருந்தாலும், இன்னொன்றை நீங்களே பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளை "எனக்குப் பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுகிற பிள்ளையா? சொல்லுகிற பிள்ளையைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். பயத்தை மறைத்துச் சிரிக்கிற பிள்ளைதான் பாதி வழியில் ஏணியைக் கட்டிக்கொண்டு நிற்கும். என் மகள் முதல் வகை, மகன் இரண்டாவது வகை. பயிற்சி முழுவதும் அவனுக்காகத்தான் செய்தோம்.

உடல்நிலை பற்றி ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, சமீபத்தில் ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பெரியவர்களுக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு, மது அருந்தியவரை ஏற்ற மாட்டார்கள். முந்தைய நாள் மச்சினன் வீட்டு விருந்து என்று யாராவது கிளம்பினால் அதையும் சொல்லி வையுங்கள்.

எந்த ஏற்றம், எந்த நேரம்

முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வளைவின் மேல் முதுகிலேயே நடந்து உச்சிக்குப் போவது. சுமார் மூன்று மணி நேரம் ஆகும். இன்னொன்று, கீழ் வளைவில் தொடங்கி இரும்புச் சட்டங்களுக்கு நடுவே புகுந்து உச்சிக்கு ஏறுவது. இது சற்றுச் சீக்கிரம் முடிந்துவிடும். நாலாபுறமும் இரும்பு சூழ்ந்திருப்பதால், வெட்டவெளியைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு இதுவே தேவலை என்று எனக்குப் படுகிறது. நாங்கள் போனது முதல் வழி, மகளின் பிடிவாதத்தால்.

நேரம் பற்றித்தான் நிறைய யோசித்தேன். நம் பள்ளி லீவு ஏப்ரல், மே. அங்கே அப்போது இலையுதிர் காலம். வெயில் கடுமை இருக்காது, காற்று குளிரும். மே கடைசியில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அந்த மாதங்களில் சிட்னிக் கடிகாரம் நம்மைவிட நான்கரை மணி நேரம் முந்தி ஓடும். (ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரம்.) அங்கே காலை ஏழு என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு இரவு இரண்டரை. விடியற்கால ஏற்றம் அழகாகத்தான் இருக்கும், கட்டணமும் அதிகம், ஆனால் ஊரிலிருந்து வந்திறங்கிய வாரத்தில் அதைப் பதிவு செய்வது பிள்ளைகளைத் தண்டிப்பது மாதிரி. மதியம் ஒரு மணிக்கு நம் உடம்புக்குக் காலை எட்டரை. குளித்துச் சாப்பிட்டுத் துள்ளிக்கொண்டிருக்கும் நேரம். வந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் தொடங்குகிற ஏற்றம். என் கணக்கு அதுதான், அது சரியாகவே வந்தது.

கட்டணம் நேரத்தையும் நாளையும் பொறுத்து மாறும். பிள்ளைகளுக்குக் குறைவு. நான்கு பேருக்கு ரூபாயில் அரை லட்சத்தைத் தாண்டும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பணம் கட்டும் முன் தேதி மாற்றுகிற விதியைப் படித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு விமானத்தில் சளி பிடிப்பது ஒன்றும் புதிதில்லை.

மழைக்கு நிறுத்த மாட்டார்கள். மழைச்சட்டை கொடுத்து ஏற்றுவார்கள். இடி மின்னலுக்கும் பலத்த காற்றுக்கும்தான் நிறுத்துவார்கள்.

ஊரிலேயே பயிற்சி

ஆறு வாரம் போதும். வாரத்துக்கு ஒரு ஞாயிறு.

முதல் இரண்டு வாரம் சென்னிமலை. அதிகாலையில் கிளம்புங்கள், ஏழு மணிக்கு மேல் கல்லுப் படி சுடத் தொடங்கிவிடும். அந்தப் படிகளில் இரட்டை மாட்டு வண்டியே ஏறிப் போன கதையை ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அதைச் சொல்லியே பிள்ளைகளைப் பாதித் தூரம் ஏற்றிவிடலாம். முதல் முறை அவர்கள் போக்கில் ஓடவும் உட்காரவும் விடுங்கள். இரண்டாம் முறை விளையாட்டை மாற்றுங்கள்: ஒருவர் பின் ஒருவராக, அதே வரிசையில், முந்தாமல், இருவருக்கு நடுவே இரண்டு படி இடைவெளி விட்டு. முன்னால் நிற்பவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். பாலத்தில் எல்லாருடைய பட்டையும் ஒரே இரும்புக் கயிற்றில் மாட்டியிருக்கும். மாட்டிய வரிசையை இறங்கி வரும் வரை மாற்ற முடியாது. இதை ஒரு தடவைக்கு நாலு தடவை பழக்குங்கள். என் மகன் சென்னிமலையில் மூன்று முறை அக்காவை முந்தினான். மூன்று முறையும் பத்துப் படி கீழே இறங்கி வரச் சொன்னேன். நாலாவது முறை முந்தவில்லை.

திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு அந்த மலைப் படியும் தோது. கோவைக்காரர்களுக்கு மருதமலை இருக்கிறது. சங்ககிரிக் கோட்டை மலை இன்னும் நல்லது என்பேன். படி ஒழுங்காக இல்லாததால் பிள்ளைகள் காலடியைப் பார்த்து வைக்கப் பழகுவார்கள், தீரன் சின்னமலை கதையையும் அந்த இடத்திலேயே சொல்லலாம். வெள்ளியங்கிரியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வேறு சங்கதி, இந்த வயதுக்கு வேண்டியதில்லை.

மூன்றாம் வாரம் ஏணி. பாலத்து ஏற்றத்தில் மிகச் செங்குத்தான பகுதி, தொடக்கத்தில் சாலை மட்டத்தைக் கடந்து வளைவுக்கு ஏறுகிற இரும்பு ஏணிகள்தான். வீட்டில் பரண் ஏணி இருந்தால் அதுவே போதும். கை இரண்டு, கால் இரண்டு, ஆக நாலில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும்தான் நகரலாம். இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி இறங்கப் பழக்குங்கள். பிள்ளைகள் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி வெளியே பார்த்துத்தான் இறங்கப் பார்ப்பார்கள். மேலே ஒருவர் முழுதாக ஏறி முடித்த பிறகே அடுத்தவர் கால் வைக்க வேண்டும். ஐந்தடி ஏணியில் இதைப் பழகினால் போதும். மேல்நிலைத் தொட்டி ஏணியெல்லாம் வேண்டாம்.

நான்காம் வாரம் காலுக்குக் கீழே தெரிகிற பள்ளம். என் மகனுக்கு உயரம் பயமில்லை, காலடியில் ஓட்டை தெரிந்தால்தான் பயம். பாலத்தில் சில இடங்களில் கம்பிவலைத் தளத்தில் நடக்க வேண்டும். குனிந்தால் கீழே சாலையும் தண்ணீரும் தெரியும். இதற்கு எங்கே பழக்குவது? காங்கயத்தில் சொந்தக்காரர் ஒருவரின் அரிசி ஆலையில் உலர்த்தும் தொட்டிக்கு ஏறக் கம்பிவலைப் படிக்கட்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமை, மில் ஓடாத நேரம், அவரும் கூடவே நின்றார். முதல் முறை பையன் கண்ணை மூடிக்கொண்டான். "கண்ண மூடாத சாமி, தூரத்துல அந்தத் தென்ன மரத்தப் பாரு" என்றார். இதைவிட நல்ல அறிவுரை எந்த வழிகாட்டியும் சொல்லப்போவதில்லை: காலடியைப் பார்க்காதே, அசையாத ஏதாவது ஒன்றைத் தூரத்தில் பார். மில் தெரிந்தவர்கள் இல்லையென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலை ரயிலில் ஒரு முறை போங்கள். 46 கிலோமீட்டரில் 250 பாலங்கள். ஜன்னல் வழியாகக் கீழே பள்ளத்தாக்கு தெரியும்போது பிள்ளையின் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்சி என்று சொல்லிக் காவிரி ரயில் பாலத்திலோ வேறு எந்தத் தண்டவாளப் பாலத்திலோ பிள்ளைகளை நடத்தாதீர்கள். ரயில் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. ஈரோட்டுப் பக்கம் செல்ஃபிக்காக ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்கும்.

ஐந்தாம் வாரம் பாத்ரூம். சிரிக்காதீர்கள். மேலே கழிப்பறை கிடையாது. முழு உடையை மாட்டி, அதன் மேல் பட்டையைக் கட்டிய பிறகு அவசரம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஈரோட்டிலிருந்து கோவைக்குக் காரில் நிற்காமல் போய்ப் பாருங்கள். இரண்டு மணி நேரம். பெருமாநல்லூரிலேயே பிள்ளை நெளிய ஆரம்பித்தால் இன்னும் பழக்க வேண்டும். தண்ணீரைக் குறைப்பதல்ல வழி. ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டு, உள்ளே நுழையும் முன் கட்டாயம் போய்வர வைப்பதுதான்.

ஆறாம் வாரம் ஓய்வு. கால் சுளுக்கோடு விமானம் ஏறுவதில் அர்த்தமில்லை.

கூடவே ஒரு சின்ன வேலை. அங்கே வழிகாட்டி தலைக்கருவி வழியாக ஆங்கிலத்தில் பேசுவார், ஆஸ்திரேலிய உச்சரிப்பு நமக்கு வேகமாக இருக்கும். நில், நட, இடைவெளி விடு, தலையைக் குனி, பாதுகாப்பாக இருக்கிறாயா என்ற ஐந்தாறு சொற்களை ஆங்கிலத்தில் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழக்கினால் போதும். குறிப்பாக, "பயமாக இருக்கிறது, கொஞ்சம் நிற்கலாமா" என்பதை ஆங்கிலத்தில் பிள்ளையே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இரண்டு பேர் தள்ளி நிற்கலாம்.

பாலத்தின் கதையை முன்பே சொல்லி வையுங்கள்

வெறும் உயரம் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். கதை தெரிந்தால் சலிக்காது. ராத்திரி தூங்கும்போது துண்டு துண்டாகச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அதிகம் கேட்கப்பட்டது லென்னி க்வைதரின் கதை. 1932இல் ஒன்பது வயதுப் பையன். விக்டோரியா மாநிலத்தில் லியோங்காதா என்ற ஊரிலிருந்து, பாலத் திறப்பு விழாவைப் பார்ப்பதற்காக, ஜிஞ்சர் மிக் என்ற மட்டக்குதிரையில் தனியாகச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வந்தான். திறப்பு விழா ஊர்வலத்தில் அவனும் குதிரையில் போனான். "தனியாவா? அவுங்க அம்மா உட்டாங்களா?" என்று மகன் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

திறந்த நாள் 1932 மார்ச் 19. வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 503 மீட்டர். உச்சி கடல் மட்டத்திலிருந்து 134 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு முறை அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். வளைவை இரண்டு கரையிலிருந்தும் பாதிப் பாதியாகக் கட்டிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு பாதியும் தண்ணீரில் கவிழாமல் இருக்க 128 இரும்புக் கயிறுகளால் பின்னாலிருந்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். 1930 ஆகஸ்ட்டில் கயிறுகளை மெல்ல மெல்லத் தளர்த்த, இரண்டு பாதியும் நடுவில் வந்து சேர்ந்தன. தலைமைப் பொறியாளர் ஜான் பிராட்ஃபீல்ட்.

ஆணிகள் சுமார் அறுபது லட்சம். ஒவ்வொன்றையும் உலையில் பழுக்கக் காய்ச்சி, ஒருவர் வீச, இன்னொருவர் வாளியில் பிடித்து, துளையில் செருகி அடித்தார்கள். கட்டி முடித்ததும் 96 நீராவி ரயில் என்ஜின்களை வரிசையாக நிறுத்திப் பாரம் தாங்குகிறதா என்று பார்த்தார்கள். பயப்படுகிற பிள்ளைக்கு இந்த 96 என்ஜின் கணக்கு நல்ல மருந்து. "உன் எட எத்தன என்ஜின்?" என்று கேட்டால் சிரித்துவிடும்.

வெயிலில் இரும்பு விரிவதால் வளைவின் உச்சி 18 சென்டிமீட்டர் வரை உயரக்கூடும். அதற்கு இடம் கொடுக்கத்தான் அடியில் கீல்கள். இரண்டு முனையிலும் நிற்கிற கல் கோபுரங்கள் பாரத்தைத் தாங்கவே இல்லை, அழகுக்கு நிற்கின்றன. இது என் வீட்டுக்காரருக்கே அதிர்ச்சி. "அவ்வளவு கல்லும் சும்மாவா?" என்றார்.

கட்டும்போது 16 தொழிலாளர்கள் இறந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அன்று அவர்கள் இடுப்பில் கயிறு கிடையாது, இன்று உனக்கு இருக்கிறது. அதனால்தான் பட்டையில் விளையாடக் கூடாது. இந்த ஒரு வாக்கியம் நூறு அதட்டலுக்குச் சமம்.

அன்றைய நாள்

வெஸ்ட்மீடு, பெண்டில் ஹில் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தால் ரயிலில் விண்யார்ட் வந்து நடந்துவிடலாம். இடம் தி ராக்ஸ் பகுதியில், கம்பர்லேண்ட் தெருவில், பாலத்தின் காலடியிலேயே இருக்கிறது. குறித்த நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் போய்ச் சேருங்கள். அங்கே போய்க் காத்திருப்பது தேவலை, ஓடி வந்து மூச்சிரைக்க உள்ளே நுழைவதைவிட.

சாப்பாடு ஒன்றரை மணி நேரம் முன்னால் முடிந்திருக்க வேண்டும். அம்மா அரிசியும் பருப்பும் சாதம் செய்து, நெய் ஊற்றி, அள்ளி அள்ளி வைத்தார். நான் பாதியைத் திரும்ப எடுத்து வைக்க, எங்கள் இருவருக்கும் சின்னச் சண்டை. வயிறு நிறைந்தால் ஏணியில் கனக்கும், நடுவில் தூக்கமும் வரும். இட்லி இரண்டு, வாழைப்பழம் ஒன்று. போதும். ஊரிலிருந்து எள்ளுருண்டை, கச்சாயம் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் உணவுப் பொருள் எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். எழுதாமல் மாட்டினால்தான் அபராதம்.

காலுக்கு ரப்பர் அடி உள்ள, மூடிய ஷூ. செருப்பு ஆகாது. புது ஷூவும் வேண்டாம், சென்னிமலை ஏறிய அதே ஷூ இருக்கட்டும். உள்ளே மெல்லிய பருத்தி உடை. மேலே அவர்கள் தருகிற முழு உடை வரும். குளிருக்குக் கம்பளிச் சட்டை, தொப்பி அவர்களே தருவார்கள்.

நகை விஷயம் நம் வீட்டுப் பெண்களுக்குப் பெரிய விஷயம். கீழே சாலையிலும் தண்டவாளத்திலும் வண்டிகள் போய்க்கொண்டே இருப்பதால், விழக்கூடிய எதையும் அனுமதிக்க மாட்டார்கள். செல்போன், கேமரா, கைக்கடிகாரம், சாவி, சில்லறை எல்லாம் லாக்கருக்குப் போய்விடும். வளையல், கொலுசு, தொங்கட்டான், ஹேர்பின், பூ எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். தாலிக்கொடி பற்றி முன்பதிவின்போதே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் வரவேற்பறையில் நின்று விளக்குவது சங்கடம். பையன்களின் வெள்ளி அரைஞாணையும் மறக்காதீர்கள். நாங்கள் மறந்தோம். மெட்டல் டிடெக்டர் கூவியது, எங்கிருந்து என்று யாருக்கும் புரியவில்லை, கடைசியில் பையன் வெட்கத்தில் சிவந்துபோனான். கண்ணாடி போட்ட பிள்ளைக்கு அதைக் கட்ட வார் தருவார்கள். கைக்குட்டையைக்கூட மணிக்கட்டில் மாட்டித்தான் தருவார்கள்.

உடை மாட்டி, பட்டை கட்டி, மாதிரி ஏணியில் ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். உங்கள் பிள்ளையை உற்றுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இங்கே அழுதால், கை நடுங்கினால், கூச்சப்படாமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். அரை லட்சம் போகிறதே என்று மனது அடித்துக்கொள்ளும். தெரியும். ஆனால் ஏணிகளைத் தாண்டிய பிறகு திரும்புவது என்றால் உங்கள் பின்னால் இருக்கிற அத்தனை பேரையும் சேர்த்த விவகாரம்.

வரிசையை நீங்களே முடிவு செய்து வழிகாட்டியிடம் கேளுங்கள். குழுவில் பதினாலு பேர் வரை இருப்பார்கள். அதிகம் பயப்படுகிற பிள்ளை வழிகாட்டிக்கு அடுத்து. அதற்குப் பின்னால் உங்களில் ஒருவர். பின் மூத்த பிள்ளை. கடைசியில் இன்னொரு பெரியவர். நாங்கள் முதலில் நான், பையன், மகள், அவர் என்று நிற்கப் பார்த்தோம். வழிகாட்டிப் பெண் பையனைப் பார்த்த பார்வையிலேயே அவனை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் சொன்னதுதான் சரி.

மேலே

முதல் கால் மணி நேரம் அழகாக இருக்காது. சாலைக்கு அடியில், கல் தூண்களை ஒட்டி, குறுகிய நடைதளத்தில் குனிந்தும் நிமிர்ந்தும் போக வேண்டும். தலைக்கு மேல் கார்கள் ஓடுகிற அதிர்வு காலில் தெரியும். கம்பிவலை வருவது இங்கேதான். "தென்ன மரம் எங்க?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. தென்னை மரத்துக்கு எங்கே போவது? ஓபரா ஹவுஸின் வெள்ளைக் கூரையைக் காட்டினேன்.

அப்புறம் ஏணிகள். ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே வாகனங்கள் பறக்கும், இரைச்சல் காதை அடைக்கும். பேசிப் பயனில்லை. உங்கள் கை அசைவு பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி இருங்கள், அவ்வளவுதான். இந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டிவிட்டால் கஷ்டமானது முடிந்தது.

வளைவின் மேல் வந்ததும் பிள்ளைகள் ஏமாந்துவிடக்கூடும், அத்தனை சுலபம். அகலமான படிகள், இரண்டு பக்கமும் கம்பி, சரிவும் மென்மைதான். பட்டையிலிருந்து வருகிற ஸ்லைடர் என்ற உருளை இரும்புக் கயிற்றில் கூடவே நகர்ந்து வரும். கயிறு தாங்கிகளைக் கடக்கும்போது மட்டும் 'டக்' என்று ஒரு குலுக்கல். பையனுக்கு இந்த 'டக்' பிடித்துப்போய் எண்ணத் தொடங்கிவிட்டான். பயமெல்லாம் அந்த எண்ணிக்கையில் போயிற்று. வழிகாட்டி அவ்வப்போது நிறுத்திக் கதை சொல்வார், படமும் அவரே எடுப்பார்.

உங்களுக்கு உயரம் பயம் என்றால் அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் வீட்டுக்காரர் சொல்லவில்லை. வளைவின் நடுவழியில் அவர் கை கம்பியைவிட்டு நகரவில்லை. மகள்தான் திரும்பிப் பார்த்து, "தூரத்துல பாருங்க அப்பா, கால்கிட்டப் பாக்காதீங்க" என்றாள்.

உச்சியில் கொடிகள் பறக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம். பிறகு பாலத்தின் குறுக்கே கடந்து மறுபக்கமாக இறக்கம். களைப்பில் கவனம் சிதறுவது இறக்கத்தில்தான், ஆகவே ஏணிகள் வருவதற்கு முன் பிள்ளைகளுக்கு 'நாலில் மூன்று எப்போதும் ஏணியில்' என்ற விதியை ஒரு முறை ஞாபகப்படுத்துங்கள்.

ஏறாதவர்களுக்கு

எட்டு வயது ஆகாத பிள்ளையை "நீ சின்னப் பிள்ளை" என்று வீட்டில் விட்டுப் போகாதீர்கள். தென்கிழக்குக் கல் கோபுரத்துக்குள் பார்வை மாடம் ஒன்று உண்டு. சுமார் 200 படிகள், தனி டிக்கெட், கட்டணம் மிகக் குறைவு. பாலம் கட்டிய கதை உள்ளே படங்களோடு இருக்கிறது. தம்பி மகளும் என் அம்மாவும் அங்கே ஏறி நின்றார்கள். மேலே வளைவில் ஒரே மாதிரி உடையில் எறும்பு வரிசை போகும், அதில் நம் ஆள் எது என்று தேடுவதே குழந்தைக்கு விளையாட்டு. நாங்கள் கையசைத்தபோது அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் கும்பிட்டுக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

அதுவும் முடியாதவர்களுக்குப் பாலத்தின் கிழக்கு ஓர நடைபாதை இலவசம். அக்கரையில் மில்சன்ஸ் பாயின்ட் இறங்கினால் பூங்காவும், 1935இல் திறந்த லூனா பார்க்கும் இருக்கின்றன. திரும்பி வர ரயில் ஏறினால் பாலத்தின் மேலேயே வரலாம். ஜன்னல் ஓரம் பிள்ளைக்கு.

இறங்கிய பிறகு

சான்றிதழும் குழுப் படமும் கொடுப்பார்கள். மற்றப் படங்களுக்குத் தனிப் பணம். எத்தனை வாங்குவது என்று மேலே ஏறும் முன்பே வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்யுங்கள். சிரித்த முகத்தோடு இருக்கிற பிள்ளையின் படத்தைத் திரையில் பார்த்த பிறகு யாராலும் பேரம் பேச முடியாது.

அன்று இரவு சுடுதண்ணீரில் கால் கழுவித் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுங்கள். மறுநாள் கெண்டைக்கால் இறுகும், பெரியவர்களுக்குத்தான் அதிகம். மறுநாள் முழுக்க வேறு நடை வைத்துக்கொள்ளாதீர்கள். கப்பல் சவாரி போதும்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பிள்ளைகள் நல்லபடியாக இறங்கினால் படியேறி வருவதாக அம்மா சென்னிமலையானுக்கு வேண்டியிருந்தார், எங்களைக் கேட்காமலே எங்கள் காலையும் சேர்த்து. போனோம். பையன் முதல் படியிலேயே படியோரக் கம்பியில் கையை முறுக்கிப் பிடித்து உருட்டிக்கொண்டு, ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் வாயால் 'டக்' என்றான். மேலே போய்ச் சேரும் வரை அக்காவை முந்தவில்லை.